ஒரு குப்பிக்குள் ஒரு குடும்பம்

பிரான்ஸ் தேசத்துக்குப் போய்த் திரும்பியவர்களை நம் ஊரில் இரண்டே கேள்விகள்தான் கேட்கிறார்கள். "ஈபில் கோபுரம் பார்த்தாயா?" என்பது முதல் கேள்வி. இரண்டாவது கேள்வியை அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார்கள்: "ஒயின் குடித்தாயா?"

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். பார்த்தேன். இரண்டாவதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. குடிக்கவில்லை, ஆனால் அதன் ருசி எனக்குத் தெரியும். இது என்ன விடுகதை என்கிறீர்களா? சொல்கிறேன்.

என் கணவர் அலுவல் நிமித்தமாகப் போர்தோ நகரத்துக்குப் போக வேண்டியிருந்தது. நானும் உடன் போனேன். பாரிஸிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். கரோன் நதி அந்த ஊரில் பிறைச் சந்திரனைப் போல வளைந்து போகிறது. அதனால் துறைமுகத்துக்கே 'சந்திரத் துறைமுகம்' என்று பெயர். சிவப்பு ஒயின் என்றால் உலகம் முதலில் நினைப்பது இந்த ஊரைத்தான். அந்தப் புகழுக்கு ஒரு கல்யாணமும் காரணம்! 1152-ல் இந்தச் சீமைக்கு உரியவளான எலியனோர், ஹென்றி என்பவரை மணந்தாள். இரண்டே வருஷத்தில் அவர் இங்கிலாந்தின் அரசரானார். அதிலிருந்து 1453 வரையில், சுமார் 300 வருஷம், போர்தோ ஆங்கில அரசர்கள் வசம் இருந்தது. கப்பல் கப்பலாக ஒயின் இங்கிலாந்துக்குப் போயிற்று.

என் கணவருக்கு ஒரு நாள் ஓய்வு கிடைத்தது. "ஸேந்த் எமிலியோன் என்று ஒரு கிராமம் இருக்கிறதாம். போய் வரலாமா?" என்றார். ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஸ்டேஷனிலிருந்து ஊருக்கு நடந்தே போனோம். வழி நெடுக இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டங்கள். கொடிகளைப் பந்தலில் ஏற்றாமல், இடுப்பளவு உயரத்தில் வரிசை வரிசையாகக் கம்பியில் கட்டி வைத்திருக்கிறார்கள். சில வரிசைகளின் முனையில் ஒரு ரோஜாச் செடி. அழகுக்கு என்றுதான் நினைத்தேன். பூஞ்சைநோய் வந்தால் ரோஜாவில் முதலில் தெரியுமாம். வாசலில் உட்கார வைத்த காவல்காரி!

ஊர் சுண்ணாம்புப் பாறை மேட்டின்மேல் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் எமிலியோன் என்ற துறவி இங்கே ஒரு குகையில் வாழ்ந்தார் என்பது ஐதிகம். பின்னால் வந்தவர்கள் அந்தப் பாறையையே குடைந்து பெரிய மாதா கோயில் ஒன்றை அமைத்துவிட்டார்கள். நம் குடைவரைக் கோயில்களைப் பார்த்த கண்களுக்கு அதற்குள் நுழைந்ததும் ஒரு பரிச்சய உணர்ச்சி உண்டாகிறது. ஊருக்கு அடியிலும் பாறை வெட்டிய சுரங்கங்கள் ஏராளம். அவற்றில் பல இப்போது ஒயின் வைக்கும் நிலவறைகள். 1999-ல் யுனெஸ்கோ இந்த ஊரையும் சுற்றியுள்ள தோட்டங்களையும் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது.

ஒரு சிறிய தோட்டத்தின் நிலவறைக்குள் எங்களை அழைத்துப் போனவள் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு பாட்டி. இங்கிலீஷ் தெரிந்த பேத்தி கூடவே வந்தாள். பாட்டி சொல்வதைப் பேத்தி எங்களுக்குச் சொன்னாள். வரிசையாக ஓக் மரப் பீப்பாய்கள். ஒவ்வொன்றும் 225 லிட்டர். 300 குப்பிகள் நிரம்பும். புது ஒயினைத் தெளிய வைக்கப் பீப்பாய்க்கு ஐந்தாறு முட்டையின் வெள்ளைக் கருவை விடுவது பழைய வழக்கமாம். "மஞ்சள் கருவை என்ன செய்வார்கள்?" என்று கேட்டேன். பெண்பிள்ளைக்கு வேறென்ன தோன்றும்? பாட்டி சிரித்துவிட்டாள். மிஞ்சிய மஞ்சள் கருவில் கன்னியாஸ்திரீகள் செய்ததுதான் இந்தப் பக்கத்துக் 'கனலே' பலகாரம் என்று ஒரு கதை உண்டாம். கதை எப்படியோ, பலகாரம் பிரமாதம்!

பாட்டி மேஜைமேல் மூன்று கண்ணாடிக் கிண்ணங்களை வைத்தாள். "நான் குடிப்பதில்லை" என்று சொன்னேன். "குடிக்கச் சொல்லவில்லையே!" என்று ஒரு பாத்திரத்தைக் காட்டினாள். துப்புவதற்கென்றே வைத்த பாத்திரம்! ஒயின் சோதிக்கிறவர்கள் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுவதுதான் முறையாம். என் கணவரைப் பார்த்தேன். "உன் இஷ்டம்" என்றார். எனக்கும் ஆவல்தான்.

முதல் கிண்ணம் மெர்லோ என்ற திராட்சை. கனிந்த பிளம்ஸ் பழ வாசனை. நாக்கில் மெத்தென்று உட்கார்ந்தது. இரண்டாவது காபெர்னே பிராங். உள்ளூரில் இதற்குப் 'பூஷே' என்று செல்லப் பெயர். வயலெட் பூவின் வாசம், சுறுசுறுப்பான ஒரு புளிப்பு. மூன்றாவது காபெர்னே ஸோவிஞ்ஞோன். அப்பா, என்ன துவர்ப்பு! கொட்டைப் பாக்கைக் கடித்த மாதிரி கன்னம் இரண்டும் இழுத்துக்கொண்டன. தடித்த தோலும் விதையும் தரும் துவர்ப்பு அது. அதுதான் ஒயினைப் பல வருஷம் கெடாமல் நிறுத்தி வைக்கிறதாம்.

பிறகு நாலாவது கிண்ணம் வந்தது. மூன்றும் கலந்து, குப்பியில் பதினைந்து வருஷம் கிடந்த ஒயின். பிளம்ஸ் எங்கே, பூ எங்கே, பாக்கு எங்கே என்று தேடினேன். தனித்தனியாக ஒன்றும் அகப்படவில்லை. மழை பெய்த தோட்டத்து மண், பழைய தேவதாரு அலமாரி, உலர்ந்த ரோஜா இதழ் எல்லாம் சேர்ந்து ஒரே வாசனையாக வந்தது. துப்பின பிறகும் வெகு நேரம் நாக்கை விட்டுப் போகவில்லை.

"ருசிக்காகத்தான் கலக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"ருசி பிறகு வந்தது. பயம்தான் முதலில்" என்றாள் பாட்டி.

அட்லாண்டிக் சமுத்திரத்தின் ஈரக் காற்று வீசும் பூமி இது. மெர்லோ சீக்கிரம் துளிர்க்கும், சீக்கிரம் பழுக்கும். வசந்த காலத்தில் உறைபனி விழுந்தால் அதன் துளிர் கருகிவிடும். காபெர்னே ஸோவிஞ்ஞோன் தாமதமாகப் பழுக்கும். இலையுதிர் கால மழையில் அது மாட்டிக்கொள்ளும். ஒன்றையே நம்பியவன் ஒரு வருஷம் இல்லாவிட்டால் ஒரு வருஷம் தெருவில் நிற்பான். அதனால் எல்லாவற்றையும் நடுகிறார்கள். தனித்தனியாகப் புளிக்க வைத்து, குளிர் காலத்தில் உட்கார்ந்து, அந்த வருஷம் எது நன்றாக வந்ததோ அதைக் கூட்டி, மற்றதைக் குறைத்துக் கலக்கிறார்கள். 2017 ஏப்ரல் மாதக் கடைசியில் விழுந்த உறைபனியில் பாட்டியின் பள்ளத்துக் கொடிகள் எல்லாம் ஒரே இரவில் கருகின. மேட்டு நிலம் தப்பியது. "அந்த வருஷம் மேடு பள்ளத்துக்குச் சோறு போட்டது" என்றாள். நம் வீட்டுப் பாட்டி பேசுவது போலவே இருந்தது.

"கூட்டுக் குடும்பம்தான்!" என்றார் என் கணவர். பேத்தி அதை மொழிபெயர்த்ததும் பாட்டி, "நிஜமாகவே குடும்பம்தான்" என்று ஆரம்பித்தாள்.

1997-ல் கலிபோர்னியா சர்வகலாசாலை விஞ்ஞானிகள் மரபணுவைச் சோதித்து, காபெர்னே பிராங்கும் ஸோவிஞ்ஞோன் என்ற வெள்ளைத் திராட்சையும் சேர்ந்து பிறந்த பிள்ளைதான் காபெர்னே ஸோவிஞ்ஞோன் என்று கண்டார்கள். மெர்லோவும் காபெர்னே பிராங்கின் வாரிசுதான். ஆனால் மெர்லோவின் தாய் யார் என்பது மட்டும் தெரியவில்லை. பிரிட்டனி பிரதேசத்தில் ஸேந் ஸூலியாக் என்ற ஊரின் சரிவில் பெயர் தெரியாத ஒற்றைக் கொடி ஒன்று கிடைத்தது. பிறகு ஷராந்த் பகுதிக் கிராமங்களில் சில வீட்டு வாசல்களில் அதே கொடி படர்ந்திருப்பதைக் கண்டார்கள். மக்தலேனா மரியாள் திருநாளான ஜூலை 22-ஐ ஒட்டிப் பழுப்பதால் கிராமத்தார் அதை 'மதலேன் திராட்சை' என்றார்கள். அதுதான் மெர்லோவின் தாய் என்று 2009-ல் வெளியாயிற்று. பிள்ளை உலகமெங்கும் பிரக்யாதி பெற்று நிற்கிறது. தாய் யார் வீட்டுத் திண்ணையோரத்திலோ பெயரில்லாமல் நிழல் கொடுத்துக்கொண்டிருந்தாள்!

இந்தக் குடும்பத்துக்கு வந்த கஷ்டங்கள் கொஞ்சமல்ல. 1956 பிப்ரவரிக் குளிரில் இந்தப் பக்கத்துக் கொடிகள் பெரும்பாலும் மடிந்தன. வேரோடு பிடுங்கிவிட்டுப் புதிதாக நடுவதுதான் புத்திசாலித்தனம் என்று ஊரே சொல்லிற்று. பக்கத்துப் பொமெரோலில் பெத்ரூஸ் தோட்டத்தின் சொந்தக்காரி மதாம் லூபா ஒப்புக்கொள்ளவில்லை. அடிக்கட்டைவரை வெட்டிவிட்டு, பிழைத்த வேர்களிலிருந்தே மறுபடி தழைக்க வைத்தாள். இன்று பெத்ரூஸ் உலகத்திலேயே மிக விலையுயர்ந்த ஒயின்களில் ஒன்று.

இப்போது வந்திருப்பது வேறு கஷ்டம். வெயில் ஏறிக்கொண்டே போகிறது. மெர்லோ அவசரமாகப் பழுத்து, சர்க்கரை கூடி, ஒயினின் போதையும் கூடிவிடுகிறது. போர்தோ என்ற பொதுப் பெயரில் விற்கும் ஒயினில், வெயில் தாங்கும் புதுத் திராட்சைகளை 10 சதவிகிதம்வரை கலக்கலாம் என்று 2021-ல் அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஜனங்கள் குடிப்பதும் குறைந்துவிட்டது. 2023 முதல் போர்தோ சீமையில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் கொடிகளைச் சர்க்கார் உதவித் தொகையோடு பிடுங்குகிறார்கள்.

"மகன் பள்ளத்து மெர்லோவை எடுத்துவிட்டுப் பூஷே நட வேண்டும் என்கிறான். பிள்ளை இருந்த இடத்தில் பெற்றவர் வரப் போகிறார்" என்றாள் பாட்டி. சிரித்துக்கொண்டே சொன்னாலும், கை மட்டும் பீப்பாயைத் தடவிக்கொண்டே இருந்தது. அந்தப் பள்ளத்துக் கொடிகளை நட்டவர் அவள் கணவராம்.

விடை பெற்றுக்கொண்டோம். ஊர்க் கடையில் வாதுமையும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் செய்த 'மக்கரோன்' ஒரு டஜன் வாங்கிக்கொண்டேன். 1620-லிருந்து இந்த ஊரில் செய்கிறார்களாம். ஸ்டேஷனுக்குத் திரும்பும் வழியில் ஒரு வீட்டு வாசல் நிலைக்கு மேலே கிழக் கொடி ஒன்று படர்ந்திருந்தது. என்னால் சும்மா வர முடியவில்லை. படியில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் ஜாடை காட்டி, "இது என்ன திராட்சை?" என்று கேட்டேன்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். தோளைக் குலுக்கினாள். பெயர் அவளுக்கும் தெரியவில்லை. ஆனால் ஒரு கொத்தைப் பறித்து என் கையில் கொடுத்தாள். அதை நான் துப்பவில்லை.