மரியாதையால் வந்த பிழை

புள்ளலூரிலிருந்து பேருந்தில் வந்து படிக்கும் எங்கள் நால்வருக்கும் ஆங்கில இலக்கணம் என்றாலே நடுக்கம். எங்கள் வீடுகளில் ஆங்கிலம் அறிந்தவர் எவருமில்லை. ஊரில் ஆங்கிலம் என்றால், 1781-இல் ஹைதர் அலியின் படையோடு பொருது மாண்ட கம்பெனி அதிகாரிகளுக்காக எழுப்பிய நினைவுத் தூண்களில் இருப்பதுதான். அவை நம்மைத் திருப்பிப் பேசச் சொல்வதில்லையே!

சென்ற ஆண்டு விழாவில் எங்களில் ஒருத்திக்கு ஆங்கிலத்தில் வரவேற்புரை கூறும் வாய்ப்புக் கிடைத்தது. தலைமைச் சகோதரியைப் பற்றி, 'அவர் சிஸ்டர் ஆர் வெரி கைண்ட்' என்றாள். முன்வரிசையில் சிரிப்பு எழுந்தது. அவள் மீதியை எப்படிச் சொல்லி முடித்தாள் என்பது அவளுக்கே தெரியாது. அதன்பின் ஆங்கில வகுப்பில் அவள் வாய் திறக்கவில்லை. அவளைப் பார்த்து நாங்களும் திறக்கவில்லை.

எங்கள் ஆங்கில ஆசிரியை கடிந்துகொள்ளவில்லை. "ஏன் 'ஆர்' போட்டாய்?" என்று மட்டும் கேட்டார்கள். "சிஸ்டரை எப்படி ஒருமையில் சொல்வது?" என்றாள் அவள். ஆசிரியை சிரித்துவிட்டார்கள். ஆனால் அது வேறு சிரிப்பு.

'சிஸ்டர் வருகிறார்கள்' என்பதுதானே நம் பேச்சு! ஒருவரைப் பன்மையில் உயர்த்திச் சொல்வது வழக்கில் உண்டு, இலக்கண நெறியில் இல்லை என்று தொல்காப்பியரே சொல்லியிருக்கிறாராம். ஆங்கிலத்திலோ இராணியானாலும் 'இஸ்'தான்.

அப்படியானால் எதிரே நிற்கும் ஒருவரிடம் மட்டும் 'யூ ஆர்' என்பானேன்? அங்கேதான் வேடிக்கை. முற்காலத்தில் ஒருவரை 'தௌ' என்றார்கள். அதற்குரிய வினை 'ஆர்ட்'. 'யூ' பலருக்கு உரியது. பெரியவர்களை மரியாதைக்காக 'யூ' என்று அழைக்கப்போய், நாளடைவில் எல்லாருக்கும் அதுவே நிலைத்துவிட்டது. நாம் ஆங்கிலத்தில் செபிக்கும்போது 'ஆர்ட்' என்று சொல்கிறோமே, அது அந்தப் பழைய ஒருமைதான். ஆக, எங்கள் தோழி செய்த பிழையை ஆங்கிலேயரும் ஒரு காலத்தில் செய்து, பிறகு அதையே விதியாக்கிக்கொண்டார்கள்! இதைக் கேட்டபோது எங்களுக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

மற்றொரு பிழைக்கும் வேர் வீட்டிலேயே அகப்பட்டது. 'கௌஸ்' என்று பன்மையில் தொடங்கி 'ஈட்ஸ்' என்று முடிப்போம். பெயருக்கு 'எஸ்' சேர்த்தால் பன்மை, வினைக்குச் சேர்த்தால் ஒருமை என்ற குழப்பம் ஒரு பக்கம். ஊரில் ஒரு மாடானாலும் பத்து மாடானாலும் 'மேயுது' என்றுதான் பேசுகிறோம் என்பது மறுபக்கம். 'மேய்கின்றன' என்று எந்தப் பாட்டியும் சொல்லிக் கேட்டதில்லை. தமிழ்த் தேர்விலும் அதனால் மதிப்பெண் இழந்திருக்கிறோம். இப்பொழுது எழுவாயின் கீழே கோடிட்டு, ஒன்றா பலவா என்று பார்த்த பிறகே வினையைத் தொடுகிறோம். பேசும்போது கோடிட முடியாதே என்பதுதான் கவலை.

இவ்வாண்டு விழாவிலும் அவளையே வரவேற்புரைக்கு அனுப்பினார்கள். நாங்கள் நால்வரும் முந்தின நாள் பேருந்தில் வழிநெடுக ஒத்திகை பார்த்தோம். மேடையில் அவள், 'அவர் சிஸ்டர் இஸ்' என்று தெளிவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, ஒருமையில் பேசிவிட்டோமே என்று தலைமைச் சகோதரியின் பக்கம் திரும்பி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.