கவ்வாத்துக் கத்தியும் நாட்கூலியும்

தேயிலை என்றதும் கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் பெண்ணையே நினைத்துக்கொள்ளும் உலகத்துக்கு, அந்தப் பெண்ணின் கை எட்டும் உயரத்தில் அந்தச் செடியை நிறுத்தி வைப்பதற்காக, நான்கைந்து வருஷங்களுக்கு ஒருமுறை அதனை ஏறக்குறைய மொட்டையாக வெட்டி, மறுபடியும் தழைக்கச் செய்கிற கவ்வாத்து என்னும் தொழில் ஒன்று உண்டென்பது தெரியாது. இலங்கையின் ஊவா மாகாணத்துப் பசறையிலிருந்து நமுனுகுலைப் பக்கமாகவும் மடுல்சீமைப் பக்கமாகவும் ஏறிச் செல்லும் மலைகளில் என் வாலிபம் அந்தக் கத்தியோடு கழிந்தது. பிற்காலத்தில் கங்காணியாக நின்று பிறர் வெட்டுவதைப் பார்த்தேன். வெட்டுவதைவிட அது சிரமமான வேலை.

எந்த மலையின் செடிகளை எப்போது வெட்டுவது என்று தீர்மானிப்பதிலிருந்தே இந்த வித்தை தொடங்குகிறது. வெட்டுண்ட செடிக்கு இலை இல்லை. இலையில்லாத செடி, தன் வேரிலே சேர்த்து வைத்திருக்கும் மாச்சத்தைச் செலவிட்டுத்தான் புதுத் தளிரை விட்டாக வேண்டும். வேரில் சேமிப்புக் குறைந்திருக்கையிலோ, ஆனி ஆடி மாதங்களில் கச்சான் காற்று வந்து ஊவாவின் மண்ணை உலர்த்திவிடப் போகிறது என்று தெரிந்திருந்தும் அதற்குச் சற்று முன்பாகவோ வெட்டுவது, செடியைக் கொல்வதற்குச் சமானம். வேர்த் துண்டொன்றை அயோடின் கரைசலில் நனைத்து, அது கருநீலமாக மாறுகிறதா என்று பார்க்கும் பரீட்சை ஒன்று உண்டு. எங்கள் பழைய கங்காணிமாரோ இலையின் நிறத்தையும் கொழுந்து சிறுத்துப்போவதையும் பார்த்தே சொல்லிவிடுவார்கள். இரண்டும் பெரும்பாலும் ஒத்தே வந்தன. ஒவ்வாத இடத்தில் அயோடினை நம்புவதே விவேகம் என்பது என் அபிப்பிராயம்.

மலையில் இறங்கியபின் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு விவகாரம். தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் டி.ஆர்.ஐ. 2025 போன்ற, தண்டுத் துண்டிலிருந்து வளர்த்த ரகச் செடிகள் நிரைக்கு நிரை ஒரே சாயலில் நிற்கும். வெள்ளைக்காரர் காலத்தில் விதையிட்டு வளர்த்த பழைய தேயிலையிலோ ஒரு செடியின் குணம் பக்கத்துச் செடிக்கு இராது. தூரிலிருந்து ஒன்றரை அடி முதல் இரண்டடி உயரத்தில், முன்னை வெட்டுக்குச் சற்று மேலாக, வாதின் வெட்டுவாய் உள்நோக்கிச் சரியும்படி ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். வெட்டுவாய் சாய்ந்திருந்தால்தான் மழைநீர் தங்காது வடியும், தங்கினால் அவ்விடத்தில் அழுகல் நுழைந்து சில வருஷங்களில் தூர்வரை இறங்கிவிடும். பட்டை கிழியக் கூடாது. பட்டுப்போன வாதையும் துளைப்பான் வண்டு குடைந்த வாதையும் அடையாளங் கண்டு அடியோடு நீக்க வேண்டும். நடுவிலே நெருங்கிக் குறுக்கும் நெடுக்குமாய் ஓடுபவற்றைக் கழித்து, ஓரத்து வாதுகளை அகலவிட்டு, செடிக்கு விரிந்த வடிவம் தர வேண்டும். நலிந்த செடியானால் ஒரு வாதை இலையோடு விட்டுவைத்து, மற்றவை துளிர்க்கும்வரை அது செடிக்கு உணவூட்டும்படி செய்ய வேண்டும். “தம்பி, கத்திய ஓங்காத, இழு” என்று எனக்குத் தொழில் பழக்கிய பெரியவர் ஓயாது சொல்வார். ஓங்கி வெட்டுபவனுக்கு வாது முறியும். இழுத்து வெட்டுபவனுக்கு அது அறும். அந்த வேற்றுமை கைக்குப் பிடிபட எனக்கு இரண்டு கவ்வாத்துப் பருவங்கள் சென்றன.

வெட்டி விழுந்த வாதுகளான மிலாறு அடுப்புக்குப் போகும், இலையும் சிறு குச்சியும் மண்ணுக்கு உரமாகும். அதன்பின் மூன்று நான்கு மாதங்கள் அந்த மலை எவருக்கும் ஒரு காசும் தராது.

இவ்வளவையும் விஸ்தாரமாகச் சொன்னதற்குக் காரணம், இவற்றில் ஒன்றேனும் செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டில் ஏறுவதில்லை என்பதுதான். அங்கே ஏறுவது, இன்ன ஆள் இன்று இத்தனை செடி வெட்டினான், ஆகவே அவனுக்கு முழுப் பேர் அல்லது அரைப் பேர், அதாவது முழுநாள் அல்லது அரைநாள் கூலி, என்பது மாத்திரம். வெட்டுவாய் சாய்ந்திருந்ததா, பட்டை கிழிந்ததா என்பது கங்காணியின் கண்ணோடு முடிந்துவிடுகிறது. நிதானமாக வெட்டியவனின் செடி முப்பது வருஷம் கூடுதலாக வாழ்ந்து பலன் தருமானால், அந்த முப்பது வருஷத்துப் பிரதிபலன் முழுவதும், அக்காலத்தில் அந்த மலையின் பாத்தியதை எவரிடம் இருக்கிறதோ அவரைச் சேர்கிறது. வெட்டியவனுக்குக் கிடைப்பதோ, அவசரமாக வெட்டியவனுக்குக் கிடைத்த அதே நாட்கூலி. வெட்டிய செடிக் கணக்குக்குக் கூலி தரும் கொந்தரப்பு முறையில் விட்டாலோ, அவசரமாக வெட்டியவனே அதிகம் சம்பாதிக்கிறான்.

நியாயத்தைப் பற்றிய பேச்சு எங்கள் பிரதேசத்துக்குப் புதிதன்று. 1940இல் பதுளைக்கருகே வேவெஸ்ஸ தோட்டத்தில் லங்கா சமசமாஜக் கட்சியினரின் தலைமையில் நடந்த வேலைநிறுத்தத்தில், தொழிலாளர் தேர்ந்தெடுத்த குழுவோடு தோட்டத்துரை கலந்தாலோசிக்க வேண்டும் என்ற உடன்பாடுவரை காரியம் சென்றது. அதற்குப் பின்வந்த எட்டாண்டுகளில் பிரஜாவுரிமையையே இழந்துவிட்ட ஜனங்களுக்குக் கூலியைப் பற்றி வாதாடும் பலம் எவ்வளவு இருந்திருக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். 1984இல்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும் கூலி சமமாயிற்று. அதற்கு முன்பெல்லாம் கவ்வாத்து மலையில் எங்கள் செடிக்கணக்கை முடித்துக்கொண்டு நாங்கள் மத்தியானத்துக்கு முன்னரே லயத்துக்குத் திரும்பிவிடுவோம். எங்கள் வீட்டுப் பெண்கள் மாலைவரை கொழுந்து மலையில் நின்றார்கள், நின்றும் எங்களிலும் குறைவாகவே வாங்கினார்கள். அந்தச் சமத்துவத்தினால் கவ்வாத்துக்காரனின் கௌரவம் குறைந்துபோனதாகக் குறைப்பட்டவர்களை நான் அறிவேன். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கொழுந்து பறிக்கும் விரலிலும் சாதுரியம் உண்டு, அதற்கும் விலை வைக்கப்படவில்லை என்பதே உண்மை.

2015 முதல் நாட்கூலி ஆயிரம் ரூபாய் என்ற ஒற்றை எண்ணைச் சுற்றியே எல்லா மேடைகளும் சுழன்றன. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் வர்த்தமானி மூலம் அது வந்தது. 2024இல் 1,350 ஆயிற்று. விலைவாசி ஏறிய வேகத்தில் அந்த ஆயிரம் கைக்கு வருமுன்னரே ஒரு பகுதி கரைந்திருந்தது. கூலியே உற்பத்திச் செலவின் பெரும்பங்கு என்று கம்பனிகள் சொல்வதில் பொய்யில்லை. ஆயினும் அவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் மறுபடியும் கம்பனிகளின் நிர்வாகத்துக்குக் கைமாறியபின், வருஷக் கணக்கில் லாபம் தெரிய வேண்டும் என்ற கவலையில், பலனில்லாத அந்த மூன்று நான்கு மாதங்களுக்கு அஞ்சிக் கவ்வாத்தைத் தள்ளிப்போட்ட மலைகளை நான் கண்டிருக்கிறேன். தள்ளிப்போட்ட மலையில் மட்டம் பெண்களின் மார்புக்கு மேலே உயர்கிறது, பறிப்பு குறைகிறது, குறைந்த பறிப்புக்குத் தொழிலாளியின் சோம்பலே காரணம் என்று எழுதப்படுகிறது. பிறகு வெட்ட வரும்போது வாது முற்றியிருக்கும். கத்தி செல்லாது, வாள் வேண்டும், அல்லது மெஷின் வேண்டும்.

மெஷின் வந்துவிட்டது. அதனை நான் நிந்திக்க மாட்டேன். சரிவிலே அட்டைக்கடியோடு மணிக்கணக்காகக் குனிந்து நின்ற முதுகு எனக்கும் உண்டு. ஆனால் அது எல்லாச் செடிக்கும் ஒரே மட்டத்தைத்தான் அறியும். பட்டுப்போன வாதையும் உயிருள்ள வாதையும் அதற்கு ஒன்றே. பின்னாலேயே ஒரு நல்ல கை கத்தியோடு வந்து திருத்தினால் பழுதில்லை. அந்தக் கைதான் இப்போது இல்லை. எங்கள் பிள்ளைகள் கொழும்பில் கடைகளிலும் கட்டட வேலைகளிலும் இருக்கிறார்கள், சிலர் வளைகுடா நாடுகளில். அங்கே மேசன் என்றும் வெல்டர் என்றும் ஒரு பெயர் உண்டு, பெயருக்கு ஏற்ற கூலி உண்டு, தொழில் முதிர முதிர அது ஏறுகிறது. இங்கே எத்தனை மலை வெட்டியவனுக்கும் நேற்று வந்தவனுக்கும் ஒரே ஸ்தானம். திரும்பி வந்து வித்தையைக் காப்பாற்றுங்கள் என்று அவர்களுக்கு உபதேசிக்க எனக்கு வாய் வரவில்லை.

அண்மைக் காலமாகச் சில கம்பனிகள், குடும்பத்துக்கு இத்தனை செடி என்று மலையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பராமரிக்கக் கொடுத்து, கொழுந்தை விலைக்கு வாங்கிக்கொள்ளும் முறையைக் கைக்கொண்டிருக்கின்றன. நாட்கூலியோடு சேர்ந்துவரும் சேமலாப நிதி போய்விடும் என்று தொழிற்சங்கத்தார் அஞ்சுவது நியாயமே. ஆயினும் அப்படிக் கிடைத்த துண்டுகளில், கொந்தரப்புக் காலத்தில் ஓங்கி வெட்டிய அதே ஆட்கள், மனைவி மிலாறு பொறுக்கப் பக்கத்தில் நிற்க, ஒரு செடியைச் சுற்றிச் சுற்றி வந்து யோசித்து வெட்டுவதை நான் பார்த்தேன். இம்முறையை விளக்குவதற்கென்று ஒரு தோட்டத்தில் கூட்டிய கூட்டத்தில், என்னிடம் தொழில் பழகிய ஒருவர் எழுந்து, இப்போது வெட்டினால் அடுத்த கவ்வாத்து வருவதற்குள் துண்டைத் திருப்பிக் கேட்க மாட்டோம் என்று எழுத்தில் தருவீர்களா என்று கேட்டார். மேலிடத்தில் விசாரித்துச் சொல்வதாகக் கூறிக் கூட்டத்தை முடித்துவிட்டார்கள். அவருடைய துண்டிலே வாது இப்போது முற்றிக்கொண்டிருக்கிறது; எழுத்து வரும்வரை கத்தி வைப்பதில்லை என்று இருக்கிறார்.