ஐந்து பிரமிடுகள்

கடன் மனுக்களில் மனைக்கு ஒரு மதிப்பு, கட்டிடத்துக்கு ஒரு மதிப்பு. வருஷம் போகப்போக மனை ஏறும், கட்டிடம் தேயும். தினமும் இந்தக் கணக்கைப் போடுகிறவனுக்கு, கீத் மூனின் வீடு போனதில் ஆச்சரியம் இருக்கக்கூடாது.

மூன், 'தி ஹூ' குழுவின் டிரம்மர். இங்கிலாந்தில் சர்ரேயைச் சேர்ந்த செர்ட்சியில், செயின்ட் ஆன்ஸ் குன்றின்மேல் இருந்த 'டாரா'வை 1971இல் வாங்கினார். 'தி இட்டாலியன் ஜாப்' படத்தை இயக்கிய பீட்டர் காலின்சன் கட்டுவித்த வீடு. ஐந்து பிரமிடுகள் சேர்ந்தது. முதலில் படத்தைப் பார்த்தபோது சிரித்தேன். கல்லறையா, சினிமா செட்டா?

மூனின் வாசிப்பும் அப்படித்தான். தாளத்தைப் பிடித்துக்கொடுத்துவிட்டு ஒதுங்கியிருப்பது டிரம்மரின் வேலை என்பதை அவர் ஏற்கவேயில்லை. பாட்டில் இடைவெளி கிடைத்தால் உருட்டி நிரப்புவார். பாடுகிறவனோடு மல்லுக்கு நிற்பார். அளவு தெரியாதவர் என்று ரசனைக்காரர்கள் சொல்லலாம். சொல்லட்டும்.

1975இல் 10சிசியின் கெவின் காட்லிக்கு வீட்டை விற்றார். 1978 செப்டம்பர் 7 அன்று, குடியை விடுவதற்கான மாத்திரைகளே அளவு மிஞ்சி, லண்டனில் இறந்தார். வயது 32. பின்னால் அந்த இடத்தை வாங்கிய வின்ஸ் கிளார்க், 1990 வாக்கில் வீட்டை இடித்து அங்கேயே வேறொன்று கட்டிக்கொண்டார். கிளார்க் சிந்தசைசர்க்காரர், அவர் இசையில் டிரம்முக்கு ஆள் வேண்டாம், இயந்திரம் போதும். இதைக் குறியீடாக்கக் கை அரிக்கிறது. வேண்டாம், அவர் இசையும் எனக்குப் பிடிக்கும்.

அதே குன்றில் செயின்ட் ஆன்ஸ் கோர்ட் இன்றும் நிற்கிறது. ரேமண்ட் மெக்ராத் 1936–37இல் கட்டிய வட்டக் கான்கிரீட் வீடு. அதற்கும் ஒரு ராக் இசைக்காரர் சொந்தக்காரராக இருந்தார், ராக்ஸி மியூசிக்கின் ஃபில் மான்சனேரா. ஆனால் அது அரசின் பாதுகாப்புப் பட்டியலில் ஏறிய வீடு. நினைத்தபடி இடித்துவிட முடியாது. நவீனத்துவம் என்று விமர்சனம் அதற்குப் பெயர் கொடுத்துவிட்டது. டாராவுக்கு அந்தப் பெயர் கிடைக்கவில்லை.

என்னைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு கவிதைத் தொகுப்பை, கட்டுக்கோப்பு இல்லையென்று மூன்று வரியில் தள்ளினேன். அவர் பிறகு எழுதிப் பார்க்கவில்லை. என் பிரதியும் பழைய பேப்பரோடு போயிற்று. இப்போது தேடினால் கிடைக்கவில்லை. அதில் இரண்டு கவிதைகள் மூச்சுவிட இடம் தராமல் ஓடும். வரிகள் மறந்துவிட்டன, ஓட்டம் மட்டும் காதில் இருக்கிறது.

டாராவின் படத்தை மறுபடி எடுத்துப் பார்க்கிறேன். இப்போதும் அழகாகத் தெரியவில்லை.