ஊசி

சிவகாசியில் காலண்டர் அச்சகம் நடத்தும் ஒன்றுவிட்ட அண்ணனுக்கு மணமாகி மூன்றாண்டுகளாகியும் குழந்தையில்லை. அரசமரம் சுற்றியதும் விரதம் இருந்ததும் மதினிதான். ‘விசேஷம் உண்டா?’ என்று ஊர் கேட்டதும் அவரிடம்தான். அண்ணனின் அகன்ற தோள்களைப் பார்த்தவர்கள் அவரை எதுவும் கேட்கவில்லை.

கடைசியில் அவருக்கும் பரிசோதனை நடந்தது. விந்தில் ஓர் உயிரணுகூட இல்லை. திருமணத்துக்கு முன்பிருந்தே சோர்வுக்கென்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுவந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

ஆண்மைக்கான மருந்து விந்தணுவை எப்படி இல்லாமலாக்கும்? மருத்துவர் விளக்கினார். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால், போதுமான அளவு இருப்பதாக மூளை கருதிவிடுகிறது. பிட்யூட்டரி சுரப்பி விரைகளுக்கு அனுப்பும் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் ஆகிய ஹார்மோன்கள் அடங்கிவிடுகின்றன. இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் நிறைந்திருக்க, விரைக்குள் அது வற்றுகிறது. விந்தணு உற்பத்தி நிற்கிறது. இதே மருந்தை உலக சுகாதார நிறுவனம் ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்திருக்கிறது. 1990இல் வெளியான அந்த ஆய்வில், வாரம் 200 மில்லிகிராம் போட்டுக்கொண்ட 271 பேரில் 157 பேருக்கு ஆறு மாதங்களுக்குள் விந்தணு முற்றிலும் இல்லாமல் போனது. பிள்ளை வேண்டுமென்பவர், ஊசி தொடங்கும் முன்பே அதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

மருத்துவர் சொற்படி ஊசி நின்றது. பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் விந்தணு திரும்பும். சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். அண்ணன் காத்திருக்கிறார்.

“மூணு வருஷமா எல்லாரும் என்னையத்தான கேட்டாக” என்றார் மதினி ஒருநாள். அண்ணன் தலைகுனிந்திருந்தார். என்னாலும் பேச முடியவில்லை. கேட்டவர்களில் நானும் ஒருவன்.