சுண்ணாம்பில் கலந்த தண்ணீர்

மெல்பேர்னில் இருக்கும் பேரன் போன வாரம் போனில் கேட்டான்: "தாத்தா, வீட்டுலயே பீர் போட்டிருக்கேன். மூணு வாரமாச்சு, இன்னும் பாட்டில்ல ஊத்தல. கெட்டுப்போயிருக்குமா?"

எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. ஆனாலும் சாயர்புரத்துப் பனங்காட்டில் வளர்ந்தவனுக்குப் புளிப்பு அந்நியமா? விசாரித்தேன். நுரை அடங்க ஒன்றிரண்டு வாரம் ஆகுமாம். அடர்த்தி பார்க்கும் கருவி இரண்டு மூன்று நாள் ஒரே அளவைக் காட்டினால் வேலை முடிந்தது என்று பொருள். அதன்பிறகும் மூடி இறுக்கமாக இருந்தால் சில வாரம் கிடக்கலாம். மண்டி அடியில் படிந்து தெளியும். மாதக்கணக்கில் விட்டால்தான் செத்த ஈஸ்ட் கரைந்து ருசியைக் கெடுக்கும். காற்றுப் புகுந்தாலோ காடியாகிவிடும். பீருக்கு அவகாசம் இருக்கிறது. பதநீருக்கு அது கிடையாது.

பாளையைச் சீவியதும் சொட்டுகிற சாறு கலயத்தில் விழும்போதே புளிக்கத் தொடங்கிவிடும். வெறும் கலயத்தை அந்தியில் கட்டினால் விடியும்போது கள். உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் ஈஸ்ட் தலையெடுக்காது, அதுதான் பதநீர். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. ஆக, பனையேறியைச் சட்டத்துக்கு இந்தப் பக்கம் நிறுத்துவதும் அந்தச் சுண்ணாம்புதான்.

சிப்பி நீற்றிய சுண்ணாம்பைக் குழைத்து, அப்பா மரமேறும்போது கொண்டுபோகும் பெட்டியில் நிரப்புவது பன்னிரண்டு வயதில் என் வேலை. ஒருநாள் கோயிலில் அசனப் பண்டிகை, ஊர்ப் பந்தி. சுண்ணாம்பு குறைவாக இருந்தது. கடைக்குப் போனால் பந்தி தவறிவிடும் என்று தண்ணீரை ஊற்றிக் கலக்கி, பெட்டி நிறைந்ததாகக் காட்டிவிட்டு ஓடினேன். மங்கல் வெளிச்சத்தில் மரத்து உச்சியில் நின்ற அப்பாவுக்கு அது தெரியவில்லை.

மறுநாள் விடிகாலை கலயங்களில் நுரை. அப்பா ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அம்மை, பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலியில் தாச்சியை அடுப்பில் ஏற்றினாள். பொங்கும்போது தட்டிப் போடுகிற ஆமணக்கு முத்தை அன்று இரண்டு தடவை போட்டாள். எத்தனை ஓலை எரித்தும் பாகு இளகிய கூப்பனிப் பதத்தைத் தாண்டவில்லை; சிரட்டையில் ஊற்றியது ஒட்டிக்கொண்டே கிடந்தது. புளிப்பு ஏறினால் சர்க்கரை உடைந்துபோகும், பிறகு எவ்வளவு காய்ச்சினாலும் உறையாது என்ற காரணம் பள்ளிக்கூடத்தில் பின்னால்தான் தெரிந்தது.

நான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். அப்பா அடிக்கவில்லை. "சுண்ணாம்பு காவல்காரன்லே. களவு போனப்புறம் காவல் வச்சு என்ன செய்ய?" என்றார். அன்று அந்தியில் முப்பது பனை ஏறி இறங்கிய கையோடு என் பக்கத்தில் உட்கார்ந்து, விரலில் எடுத்தால் வழியாமல் நிற்கிற சுண்ணாம்புப் பதத்தைக் காட்டித் தந்தார். அவர் அன்று களைத்திருந்தார் என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது.

பேரனிடம் நாள் கணக்குச் சொல்லவில்லை. "அடிக்கடி திறக்காத ஐயா, அளவு மாறாம நிக்குதான்னு மட்டும் பாரு" என்றேன். பொறுத்திருப்பதும் போட்டுவிட்டு மறப்பதும் வெளியே ஒரே மாதிரிதான் இருக்கும். பார்த்துக்கொண்டே காத்திருக்கக் கற்க எனக்கு அந்த ஒரு விடிகாலை வேண்டியிருந்தது.

பாகு உறையாத அன்று வியாபாரிக்குக் கொடுக்க எட்டு வட்டுக் கருப்பட்டி குறைந்தது. பக்கத்து விடிலி அக்கா கேட்காமலேயே தன் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தாள். அடுத்த வாரம் பத்து வட்டாகத் திருப்பிக் கொடுக்க அம்மை என்னைத்தான் அனுப்பினாள். அக்கா எட்டை எண்ணி எடுத்துக்கொண்டு, மீதி இரண்டையும் என் கையிலேயே வைத்தாள்.