உம்தா பாக்கும் எங்கள் ஓட்டுக் கட்டடமும்

எங்கள் ஊர் மக்தபின் பழைய ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிடலாம் என ஜமாஅத் கூட்டத்தில் கையுயர்த்தியவர்களுள் நானும் ஒருவன்.

சிவகாசிக்கு அருகிலுள்ள சிற்றூர் அது. பகலெல்லாம் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிய சிறுவர்கள் மஃரிபுக்குப் பின் அங்கு வந்து அமர்வோம். (தொழிற்சாலையை ஆபீசு என்றே எங்கள் பக்கம் அழைப்பர், எழுத்து வேலைக்கு மட்டும் அங்கே இடமில்லை.) குர்ஆனைத் திறக்குமுன் ஹஜ்ரத் அவர்கள் ஒவ்வொருவர் கையையும் முகர்ந்து பார்ப்பார்கள். கந்தக வாடை போகவில்லையெனில் மீண்டும் கைகழுவி வரவேண்டும். அந்தக் கட்டடம் மழைக்கு ஒழுகியது, இடித்தோம், காங்கிரீட் மாடி எழுந்தது. வாசல் நிலைக்கு மேலிருந்த கல்வெட்டு இடிபாடுகளோடு லாரியில் போயிற்று. அன்று எவர்க்கும் அது பெரிதாகத் தோன்றவில்லை.

பல்லாண்டுகளுக்குப் பின், சென்னை அண்ணா சாலை உம்தா பாக் மாளிகை பராமரிப்பின்றிச் சிதைந்து வந்த செய்தியைப் படித்தபோதுதான் நெஞ்சில் ஏதோ உறுத்தியது. ஆர்க்காட்டு நவாபு குலாம் கவுஸ் கான் 1849இல் நிறுவிய மதரஸா-இ-ஆஸம் பின்னாளில் குடிபுகுந்த இடம் அது. 1855இல் நவாபு வாரிசின்றி மறைந்தார். கம்பெனியார் நவாபுப் பட்டத்தையே ஒழித்தனர். பட்டம் போயிற்று, பள்ளி நிலைத்தது. 1859இல் அரசு அதனை ஏற்றது. அவ்வளாகத்திலேயே 1918இல் அரசு முகமதியக் கல்லூரி பிறந்தது. 1948இல் அது அனைவர்க்குமான அரசு கலைக் கல்லூரியாயிற்று. அதன்பின் சமுதாயம் தன் கைப்பொருள் கொண்டு கல்லூரிகள் காண முற்பட்டது. 1951இல் சென்னையில் புதுக்கல்லூரியும் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியும் எழுந்தன. நம்மைப் போன்ற கல்லூரிகள் அந்த வரிசையில் பின்வந்தவையே.

பாரசீகமும் உருதும் முழங்கிய நவாபின் பள்ளிக்கும், தமிழன்றி வேறு வீட்டுமொழி அறியாத தென்பாண்டி இராவுத்தர் பிள்ளைகளுக்கும் என்ன உறவு என்று சிலர் கேட்கலாம். நானும் கேட்டவன்தான். ஆயினும், நவாபின் பள்ளிக்கு ஏடுகளில் ஆண்டுகள் உள்ளன. எங்கள் மக்தபுக்கு இருந்த ஒரே ஏடு அந்தக் கல்.

சென்ற மாதம் எங்கள் ஊர் மாணவர் ஒருவர், "ஐயா, நம்ம மக்தப் எந்த வருஷம் கட்டினது?" என்று வினவினார். நாள்தோறும் அக்கல்லின் கீழ்தான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே சென்றேன். ஹிஜ்ரி ஆண்டு பொறித்திருந்தது; பதின்மூன்று என்று தொடங்கும். எஞ்சிய இரண்டு இலக்கங்கள் என் நினைவில் இல்லை.