முதுகு வெட்டிய நாற்காலி

ராமகுப்பத்துக்காரருக்கு பிலாட்டிஸ் உடற்பயிற்சி வேண்டுமென்றால் குப்பம் ஸ்டேஷனில் ரயிலேறி பெங்களூர் போகவேண்டும். வேண்டும் என்று இதுவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. மல்பெரி இலை பறித்து முதுகு பிடித்துக்கொண்டால் எங்களுக்குத் தைலம் இருக்கிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் நச்சரித்ததால்தான் நான் போய்ப் பார்த்தேன்.

அவள் 'ரிஃபார்மர்' என்று காட்டியது கட்டில் உயரத்தில் ஒரு சட்டம். அதற்குள் தண்டவாளம், அதன்மேல் ஓடும் பலகை, பலகையை இழுத்துப் பிடிக்கும் ஸ்ப்ரிங்குகள். படுத்தபடி காலால் கம்பியை உதைத்தால் பலகை விலகிப் போகிறது. திரும்பும்போது ஸ்ப்ரிங் வெடுக்கென்று இழுக்கும். அதற்கு விட்டுக்கொடுக்காமல் மெல்ல வரவேண்டும். போவதில் ஒன்றுமில்லை, வருவதில்தான் வயிறு நடுங்குகிறது.

இதை உருவாக்கிய ஜோசப் பிலாட்டிஸ் 1883இல் ஜெர்மனியில் பிறந்தவர், ஆஸ்துமாவோடு வளர்ந்த பிள்ளை. முதல் உலகப்போர் வந்தபோது இங்கிலாந்தில் இருந்தார். எதிரி நாட்டவர் என்று முகாமில் அடைத்துவிட்டார்கள். அங்கே படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களுக்காகக் கட்டில் ஸ்ப்ரிங்குகளைக் கழற்றி மாட்டினார் என்று ஒரு கதை உண்டு. பிறகு நியூயார்க் போய், துணைவி கிளாராவோடு சேர்ந்து எட்டாவது அவென்யூவில் கூடம் நடத்தினார். அடிபட்ட நடனக் கலைஞர்களெல்லாம் அங்கே போனார்கள். கருவிகளுக்குக் காப்புரிமையும் வாங்கினார். 1967இல் அவர் இறந்து பல வருடம் கழித்து அவருடைய பெயர் யாருக்குச் சொந்தம் என்று வழக்கு நடந்தது. அது ஒரு பயிற்சி முறையின் பொதுப்பெயர், யாரும் உரிமை கொண்டாட முடியாது என்று 2000இல் அமெரிக்க நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மகள் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது என் மனம் எங்கள் ஆந்திர எல்லைக்கு அந்தப்புறம், கோலார் மாவட்டத்துக்குப் போய்விட்டது. அங்கே பெள்ளூர் என்று ஒரு கிராமம். 1918 டிசம்பரில், இன்ஃப்ளூயன்சா பரவிய வருடத்தில், காய்ச்சலில் கிடந்த தாய்க்குப் பிறந்த பிள்ளைதான் யோகாசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார். மலேரியா, டைபாய்டு, காசம் எல்லாம் வரிசையாக வந்த உடம்பு. அக்காள் கணவர் கிருஷ்ணமாச்சாரியார் மைசூர் அரண்மனை ஆதரவில் யோகசாலை நடத்தினார். அவரிடம் போய்ச் சேர்ந்தார். 1937இல் பூனாவுக்குச் சொல்லிக்கொடுக்க அனுப்பியபோது வயது 18. மாணவர்களில் பலர் அவரைவிட மூத்தவர்கள், உடல் வலுவிலும் படிப்பிலும் மேல்.

1966இல் ஆங்கிலத்தில் வந்த அவருடைய யோகப் புத்தகத்தில் ஏறக்குறைய 600 படங்கள். கருவி என்று பார்த்தால் அநேகமாக எதுவும் இல்லை; அவருடைய உடம்பு மட்டும்தான். அந்த உடம்புக்கு எதுவும் தேவைப்படவில்லை. குனிந்தால் கை தரையைத் தொடாதவர்கள், கழுத்து திரும்பாதவர்கள், அறுபதைத் தாண்டியவர்கள் வந்து முன்னால் நின்றபோதுதான் தேவைப்பட்டது. கை எட்டாதவருக்கு உள்ளங்கையடியில் செங்கல் அளவு மரக்கட்டை. கால்விரலைப் பிடிக்க முடியாதவருக்கு வார். சுவரில் மாட்டிய கயிறு, மடித்த கம்பளி, மரப் பெட்டி, வளைந்த பெஞ்சு. கயிறு மட்டும் மைசூர் யோகசாலையில் பார்த்ததன் தொடர்ச்சி. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் ஒவ்வொருவர் முதுகையும் தாங்க ஆசிரியருக்குக் கை போதாது. கை போகமுடியாத இடத்தில் கட்டை போனது.

1979இல் ஸ்கூட்டர் விபத்தில் அவருக்கே முதுகெலும்பும் தோளும் அடிபட்டன. மற்றவர்களுக்காகச் செய்துவைத்த சாமான்களை வைத்துத் தன் ஆசனங்களை ஒவ்வொன்றாக மீட்கவேண்டிவந்தது.

பிலாட்டிஸின் கருவி உடம்போடு மல்லுக்கு நிற்கிறது, அதனால் தசை வலுக்கிறது. ஐயங்காருடையது உடம்பைத் தாங்கிக்கொண்டு, 'அவசரமில்லை, இரு' என்கிறது. இருவரில் எனக்குப் பெரியவர் ஐயங்கார்தான். பக்கத்து மாவட்டப் பாசம் கொஞ்சம் கலந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் ரிஃபார்மர் வைக்கத் தனி அறையும் கணிசமான பணமும் வேண்டும்; செங்கல் அளவு கட்டையை எந்த ஊர் ஆசாரியும் இழைத்துத் தருவார்.

அவருடைய சாமான்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது மடக்கு நாற்காலி. கல்யாணப் பந்தலில் போடுகிற அதே இரும்பு நாற்காலி, முதுகுத் தகடு மட்டும் இல்லை. அந்த இடைவெளியில் இரண்டு காலையும் நுழைத்து உட்கார்ந்து, இருக்கையின் முன்விளிம்பில் முதுகைச் சாய்த்தால் நெஞ்சு விரிகிறது, எடையை நாற்காலி வாங்கிக்கொள்கிறது. தானாகப் பின்னால் வளையத் தெரியாதவரும் அதில் சில நிமிடம் கிடக்கலாம். பழக்கியவர் ஒருவர் அருகில் இருக்கவேண்டும், அது முக்கியம். என் வயதுக்கு அவ்வளவு தூரம்கூடப் போகவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, இடுப்பிலிருந்து மெல்லத் திரும்புவதோடு சரி. அதற்கே காலையில் செருப்பு மாட்டக் குனிவது சுலபமாகியிருக்கிறது.

எனக்கென்று ஒரு நாற்காலியின் முதுகை வெட்ட வெல்டிங் கடையில் கொடுத்தபோது கடைக்காரருக்கு மனசே வரவில்லை.

"சார், நல்ல நாற்காலி. ஏன் சார் கெடுக்கிறீங்க?"

"சாய முடியாதபடி ஒண்ணு வேணும்."

"அதுக்கு ஸ்டூல் வாங்கியிருக்கலாமே."

காலை நுழைத்து உட்கார்ந்து காட்டினேன். பக்கத்து டீக்கடையிலிருந்து இரண்டு பேர் வந்து நின்று தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். வெட்டிய விளிம்பைக் கையில் கிழிக்காதபடி நன்றாக ராவிக் கொடுத்தவர், கூலியில் பத்து ரூபாய் குறைத்துக்கொள்வதாகச் சொல்லி, அறுத்த தகட்டைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வாசலில் கோழிக்கூண்டுக்குக் கதவு இல்லையாம்.